ஸ்டாண்ட் மிக்சர் இல்லாமல் கலக்குவது, அடிப்பது, பிசைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேக், பிரெட், பிஸ்கட் செய்முறைகளில் பாதிக்குமேல் "ஸ்டாண்ட் மிக்சரில் ஐந்து நிமிடம் அடிக்கவும்" என்றுதான் தொடங்குகின்றன. மதுரையில் பெரும்பாலான வீடுகளில் அந்த மெஷின் கிடையாது. மிக்சி இருக்கும், கிரைண்டர் இருக்கும், அம்மா காலத்து மத்து ஒன்றும் பரணில் கிடக்கும். இவற்றையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று என்னிடம் பேக்கிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதமும் நேரமும் எல்லாம் நம் ஊர் வெயிலுக்குச் சொன்னவை. குளிர்நாட்டுக் குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவதால்தான் இங்கே நிறைய கேக் கெட்டுப்போகிறது. அதற்கு மெஷின் இல்லாத குறை காரணமே இல்லை.

ஸ்டாண்ட் மிக்சர் அப்படி என்னதான் செய்கிறது?

மூன்று வேலை. ஒரு தட்டையான துடுப்பு, வெண்ணெயையும் சீனியையும் குழைக்கும். ஒரு கம்பிக்கூண்டு, முட்டையிலும் கிரீமிலும் காற்றை ஏற்றும். ஒரு கொக்கி, மாவு பிசையும். பேக்கரிகளுக்காக வந்த பெரிய மெஷினைச் சிறிதாக்கி, அமெரிக்காவில் 1919-ல் வீடுகளுக்கென்று விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பும் உலகம் முழுக்க கேக் செய்தார்கள், பிரெட் சுட்டார்கள்.

எனவே ஒரு குறிப்பில் "மிக்சரில் அடிக்கவும்" என்று இருந்தால், இந்த மூன்றில் எது என்று முதலில் பாருங்கள். குழைப்பதற்கு மரக்கரண்டி, காற்று ஏற்ற விஸ்க் (கம்பிக்கூண்டு வைத்த கைக்கரண்டி), பிசைய உள்ளங்கை. எதற்கு எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மிக்சியில் போட்டு அடித்தால் ஆகாதா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. மிக்சி இல்லாத வீடு அபூர்வம். 2011-ல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு கிராமங்களிலும் அப்படித்தான்.

ஸ்டாண்ட் மிக்சர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 250 சுற்று சுற்றும். மிக்சி சும்மா ஓடும்போது 18,000 முதல் 20,000 சுற்று. அதிலும் மிக்சியில் இருப்பது வெட்டும் பிளேடு. மைதா சேர்த்த கேக் மாவை அதில் ஓட்டினால் குளூட்டன் (மைதாவின் புரதம் கட்டும் வலை) இழுபட்டு, கேக் ரப்பராகிவிடும். ஜார் சூடாகி வெண்ணெயும் உருகிவிடும். முட்டை வெள்ளைக்கருவோ நுரை கட்டும், ஆனால் பெரிய குமிழாக வந்து நிமிடத்தில் வடிந்துபோகும்.

சரி, எதற்கு உதவும்? சீனி பொடிக்க. எண்ணெயில் செய்யும் கேக்குக்கு முட்டை, தயிர், சீனி, எண்ணெய் ஆகிய ஈரப்பொருட்களை மட்டும் ஒரு நிமிடம் அடிக்க. பிறகு பேசினில் ஊற்றி, மைதாவைக் கையால்தான் சேர்க்க வேண்டும். மயோனைஸுக்கும் மிக்சிதான் சரி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெட் கிரைண்டரில் மைதா பிசையலாமா?

உங்கள் டேபிள்டாப் கிரைண்டரோடு மாவு பிசையும் பாகம் தனியாகக் கொடுத்திருந்தால் தாராளமாகப் பிசையலாம். தேங்காய் துருவியோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். பல வீடுகளில் பிரிக்காத கவரோடு அலமாரியில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள். கல் உருளையை எடுத்துவிட்டு அந்தத் துடுப்பை மாட்டினால், சப்பாத்திக்கும் பிரெட்டுக்கும் அரைக் கிலோ மாவு அழகாகத் திரண்டு வரும். ஸ்டாண்ட் மிக்சரின் கொக்கி செய்யும் வேலைக்கு நம் வீட்டில் மிக நெருங்கிய மெஷின் இதுதான் என்பேன். அந்தப் பாகம் இல்லையென்றால் கல்லுக்கு நடுவே மைதாவைப் போடாதீர்கள். கல்லிடுக்கில் ஏறி ஒட்டினால் கழுவி மாளாது.

குறைந்தபட்சம் என்னென்ன வாங்க வேண்டும்?

அதிகம் இல்லை. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். அகலமான எவர்சில்வர் பேசின் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி. பலூன் வடிவ விஸ்க் ஒன்று. கம்பி நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கட்டும். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட எக் பீட்டர் ஆம்லெட்டுக்குச் சரி, கேக்குக்குப் பத்தாது. ஒரு மரக்கரண்டி, ஒரு சிலிக்கான் ஸ்பேச்சுலா, ஒரு சல்லடை, கிராம் காட்டும் சின்னத் தராசு.

தராசை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு கப் மைதாவை அள்ளும் விதத்தில் 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். கையால் கலக்கும்போது மாவு கெட்டியானால் கைதான் வலிக்கும்.

இன்னொன்று, காசு செலவில்லாதது. ஈரத்துணியைச் சும்மாடாகச் சுருட்டி அதன்மேல் பேசினை வையுங்கள். பாத்திரம் சுற்றாது, ஒரு கை எப்போதும் சும்மா இருக்கும்.

வெண்ணெயும் சீனியும் எனக்குக் குழையவே மாட்டேன் என்கிறது. எண்ணெயாகப் பிரிகிறது. ஏன்?

அநேகமாக உங்கள் வெண்ணெய் அளவுக்குமேல் இளகிவிட்டது. எல்லாக் குறிப்பிலும் "அறை வெப்பநிலையில் வெண்ணெய்" என்று இருக்கும். அவர்கள் சொல்லும் அறை 20 டிகிரி. மதுரையில் சித்திரை மாத மதியம் வெளியே 40 டிகிரியை ஒட்டி இருக்கும், அடுப்பு எரியும் சமையலறையைச் சொல்லவே வேண்டாம். வெண்ணெய் 32 டிகிரிக்கு மேலே போனால் உருகத் தொடங்கும். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது. எவ்வளவு அடித்தாலும் பளபளப்பாக ஓடுமே தவிர, வெளுக்காது.

கோடையில் நான் சொல்லும் முறை இது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்புங்கள். கோடையில் 10 நிமிடம், மார்கழியில் 20, 25 நிமிடம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுமினுப்பு ஒட்டக் கூடாது. அந்த நேரம்தான் நேரம்.

சீனியை மிக்சியில் மூன்று நான்கு முறை விட்டு விட்டு ஓட்டி, பொடி ரவை அளவுக்குக் கொண்டுவாருங்கள். முழு சீனி கையால் அடித்தால் கரையாது. மாவாகப் பொடித்துவிட்டாலும் நல்லதல்ல. சீனியின் கூர்மையான முனைகள்தான் வெண்ணெயில் காற்றுக் குழிகளைக் குடைகின்றன.

முதலில் வெண்ணெயை மட்டும் மரக்கரண்டியின் பின்பக்கத்தால் பேசின் சுவரில் தேய்த்துத் தேய்த்து இளக்குங்கள். பிறகு சீனியை மூன்று தடவையாகச் சேர்த்து அடியுங்கள். 100 கிராம் வெண்ணெய்க்கு 8 முதல் 10 நிமிடம் ஆகும். மஞ்சள் நிறம் வெளுத்து, கரண்டிக்கு லேசாகத் தெரியும். நடுவில் பளபளவென்று ஆனால் பேசினை ஐஸ் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் இரண்டு நிமிடம் உட்கார வைத்துவிட்டுத் தொடருங்கள்.

முட்டையை நேரே உடைத்து ஊற்றாதீர்கள். டம்ளரில் அடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். திரிந்தாற்போல் தெரிந்தால் மைதாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துப் போட்டு அடித்தால் கூடிவிடும். 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீனி, 2 முட்டை, 100 கிராம் மைதா, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். மனப்பாடமாக வைத்துக்கொள்ள இந்த ஒரு கணக்குப் போதும்.

நெய் பிஸ்கட்டுக்கும் இப்படித்தான் அடிக்க வேண்டுமா?

அதற்குக் கரண்டியே வேண்டாம், தாம்பாளம் போதும். கையால் செய்கிற வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது.

வெயில் காலத்தில் வீட்டு நெய் தண்ணீராக இருக்கும். 100 கிராம் நெய்யைக் கிண்ணத்தில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். மணல் மணலாக உறையும்போது எடுத்துத் தாம்பாளத்தில் போடுங்கள். 100 கிராம் பொடித்த சீனியைச் சேர்த்து, உள்ளங்கையின் அடிமேட்டால் முன்னே தள்ளித் தேய்த்து, விரல்களால் வழித்து மறுபடி உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் நறநறவென்று சீனி உரசுவது கையில் தெரியும். நாலைந்து நிமிடத்தில் அந்த உரசல் அடங்கும், மஞ்சள் போய் வெண்மை ஏறும், கை தேய்த்த தடம் தாம்பாளத்தில் அப்படியே நிற்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் 200 கிராம் மைதாவைச் சலித்துப் போட்டு, பிசையாமல் விரல் நுனியால் கூட்டிச் சேர்க்க வேண்டும். உதிர்ந்தால் இன்னொரு ஸ்பூன் நெய். தண்ணீர் ஒரு சொட்டும் விடக் கூடாது. கை சூடு அதிகம் உள்ளவர்கள் நடுவில் குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

முட்டையைக் கையால் அடித்து ஸ்பாஞ்ச் கேக் வருமா?

வரும். இங்கே நம் வெயில் நமக்குத் துணை. வெண்ணெய்க்கும் கிரீமுக்கும் சூடு பகை. முட்டைக்கு அது நண்பன். வெதுவெதுப்பான முட்டை சீக்கிரம் நுரைக்கும்.

3 முட்டைக்கு 90 கிராம் சீனி. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அணைத்துவிடுங்கள். அதன்மேல் பேசினை, அடி தண்ணீரைத் தொடாதபடி வைத்து, முட்டையையும் சீனியையும் நிறுத்தாமல் அடியுங்கள். விரல் வைத்தால் குளிக்கும் வெந்நீர்ச் சூடு தெரிந்ததும், அதாவது 40 டிகிரி அளவில், கீழே இறக்கி, ஆறும்வரை அடிக்க வேண்டும். கையால் 12 முதல் 15 நிமிடம். நுரை மூன்று மடங்காகும். விஸ்கைத் தூக்கினால் விழும் இழை, போட்ட கோலம் மாதிரி சில நொடி மேலேயே தங்கிப் பிறகு மறைய வேண்டும். அதன்பின் 90 கிராம் மைதாவை மூன்று தடவையாகச் சலித்து, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அதுவரை ஏற்றிய காற்றெல்லாம் போய்விடும். பையப் பைய.

வெள்ளைக்கரு மட்டும் அடிப்பதற்கு வேறு விதி. தூத்துக்குடி மக்ரூன் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும். முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும், குளிர்ந்திருக்கும்போதே உடைத்தால் மஞ்சள்கரு உடையாமல் பிரியும், பிரித்த வெள்ளையை அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு அடித்தால் நன்றாகப் பொங்கும். பாத்திரத்தில் பிசுக்கே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரமும் மரமத்தும் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டும் வேண்டாம். எவர்சில்வர் பேசினை எலுமிச்சை மூடியால் ஒரு தேய் தேய்த்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள்கரு ஒரு பொட்டு விழுந்தாலும் நுரை சரியாக ஏறாது.

கிரீம் அடித்தால் கெட்டியாகவே இல்லை.

முதலில் டப்பாவைத் திருப்பிக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். மளிகைக் கடையில் சின்னப் பெட்டியில் கிடைக்கும் பிரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம்தான் இருக்கும். அது குழம்புக்கும் பழக்கலவைக்கும் சரி. நின்று பிடிக்கும் பதத்துக்கு 30 சதவீதத்துக்குமேல் வேண்டும். 35 இருந்தால் நிம்மதி. கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீம் உறைந்த நிலையில் வரும். அதை வெளியே வைத்து உருக்காமல், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு வைத்து, ஓரத்தில் கொஞ்சம் ஐஸ் துணுக்கு இருக்கும்போதே அடிக்க வேண்டும்.

இரண்டு பேசின் வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பெரிய பேசினில் ஐஸ், இரண்டு கைப்பிடி கல்லுப்பு, கொஞ்சம் தண்ணீர். உப்பு சேர்ந்தால் ஐஸ் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கும். சின்ன பேசினையும் விஸ்கையும் அதில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, 200 மில்லி கிரீம் ஊற்றி அடியுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் அரை லிட்டர் ஊற்றினால் கை ஓய்ந்துவிடும், கிரீமும் சூடாகிவிடும்.

வீட்டில் தயிர் கடைந்தவர்கள் விடியற்காலையில் கடைந்தது ஏன், வெயில் ஏறிவிட்டால் மத்தோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கொழுப்பு குளிர்ந்திருந்தால்தான் ஒன்றோடொன்று பிடிக்கும். கிரீமுக்கும் அதே கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கிரீம் வேலையை காலை ஆறு, ஆறரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு விழத் தொடங்கியதும் வேகத்தைக் குறையுங்கள். தாண்டிப்போய் மணல் மணலாகிவிட்டால் இரண்டு ஸ்பூன் அடிக்காத கிரீமை விட்டுப் புரட்டினால் திரும்பலாம். பால் கிரீம் அதையும் தாண்டிவிட்டால் வெண்ணெய்தான். கடைந்து எடுத்து ரொட்டிக்குத் தடவிக்கொள்ளுங்கள்.

மைதாவைச் சேர்த்த பிறகு எவ்வளவு நேரம் கலக்க வேண்டும்?

உலர்ந்த மாவு கண்ணில் படாத வரைக்கும். அதற்குமேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். சின்னக் கட்டி இரண்டொன்று இருந்தாலும் வேகும்போது கரைந்துவிடும். பேக்கிங் பவுடரை மைதாவோடு முன்கூட்டியே இரண்டு மூன்று முறை சலித்து வையுங்கள். தயிரும் சோடாவும் சேர்த்த முட்டையில்லாத கேக் என்றால், ஈரம் பட்டதுமே வாயு கிளம்பத் தொடங்கிவிடும். அடுப்பைச் சூடாக்கிவிட்டுக் கலக்குங்கள், கலக்கிவிட்டுச் சூடாக்காதீர்கள்.

பிரெட் மாவைக் கையால் எவ்வளவு நேரம் பிசைவது? எனக்கு ஐந்து நிமிடத்திலேயே தோள் கழன்றுவிடுகிறது.

பிசைவதைக் குறையுங்கள், ஊறவிடுவதைக் கூட்டுங்கள். மதுரை பரோட்டாக் கடைகளில் பாருங்கள். கல்மேடையில் மைதாவைக் கொட்டிக் கையாலேயே பிசைகிறார்கள். ஆனால் பிசைந்த கையோடு யாரும் வீசுவதில்லை. ஈரத்துணி போட்டு மூடி வைப்பார்கள். அப்புறம் உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, மறுபடி ஊறவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வீச்சு. கைக்குக் கை மாறி மேலே எழும் மாவு, பின்னால் நிற்கிறவரின் சட்டை நிறம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகியும் கிழியாமல் மேடையில் விழும். அந்த வலுவில் பாதி, ஊறிய நேரம் கொடுத்தது.

நடப்பது இதுதான். மைதாவில் சுமார் 10 சதவீதம் புரதம். தண்ணீர் பட்டதும் அது தானாகவே இணைந்து குளூட்டன் வலையைக் கட்டத் தொடங்கும். மெஷின் அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். நேரம் கொடுத்தால் வலை தானே வளரும்.

அரைக் கிலோ மைதா, 300 மில்லி குளிர்ந்த தண்ணீர், 20 கிராம் சீனி, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கரண்டியால் கலந்து, மூடி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு 9 கிராம் உப்பும் 30 கிராம் வெண்ணெயும் சேர்த்துப் பிசையுங்கள். வெண்ணெய் சேர்த்ததும் மாவு வழுக்கிப் பிரிந்து, கெட்டுப்போன மாதிரி தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். மொத்தம் ஐந்தாறு நிமிடம் பிசைந்தால் போதும். மூடி 15 நிமிடம் விட்டு, ஈரக்கையால் நாலு பக்கமும் இழுத்து நடுவில் மடியுங்கள். இப்படி இன்னும் இரண்டு தடவை. கடைசியில் ஒரு துண்டை எடுத்து விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரியும்.

ஒட்டுகிறது என்று மைதாவை மேலே மேலே தூவாதீர்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், அல்லது எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரும் குறைந்த ஈஸ்ட்டும் சொல்வதற்குக் காரணம் உண்டு. புத்தகத்தில் ஒன்றரை மணி நேரம் பொங்கட்டும் என்று இருப்பது, மே மாத மதுரையில் முக்கால் மணி நேரத்திலேயே பொங்கி, கவனிக்காவிட்டால் புளித்தும்விடும். கடிகாரத்தை விடுங்கள், மாவு இரண்டு மடங்காகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

உளுந்த வடை மாவுக்கு மெஷின் அடிப்பு வேண்டுமா?

அரைப்பதற்கு மெஷின், அடிப்பதற்குக் கை. மிக்சியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். மாவு சூடானால் வடை கல்லாகும். அரைத்ததைப் பேசினில் வழித்து, விரல்களைக் குவித்து, அடியிலிருந்து அள்ளி மேலே தட்டுகிற மாதிரி மூன்று நான்கு நிமிடம் அடியுங்கள். வெள்ளை கூடும், மாவு உப்பும். ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். உப்பு கடைசியில்தான், முன்னாலே போட்டால் மாவு நெகிழ்ந்துவிடும்.

ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்கிறார்களே?

வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று ஏறும், குளூட்டனும் வளரும். ஒரே பக்கம் சுற்றினால் கைக்கு ஒரு தாளம் கிடைக்கும், அது நல்லதுதான். கிரீமுக்கும் முட்டை வெள்ளைக்கும் வட்டமாகச் சுற்றுவதைவிட, விஸ்கை இடமும் வலமும் வேகமாக ஆட்டினால் சீக்கிரம் நுரைக்கும், செய்து பாருங்கள்.

மயோனைஸ் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், பச்சை முட்டை இல்லாமல். பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. தடை கடைகளுக்குத்தான் என்றாலும், சால்மோனெல்லா கிருமிக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். நம் சூட்டில் அது வேகமாகப் பெருகும்.

காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் குளிர்ந்த பால் 100 மில்லி, பூண்டு ஒரு பல், உப்பு, கொஞ்சம் கடுகுப் பொடி. மிக்சியின் சின்ன ஜாரில் ஓட்டிக்கொண்டே 200 மில்லி வாசனையற்ற எண்ணெயை நூல் போல் விடுங்கள். கெட்டியானதும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு ஒரே ஒரு சுற்று. சாறு பட்டதும் இன்னும் இறுகும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஜிகர்தண்டாவுக்குப் போடும் பாசுந்தி ஐஸ்கிரீம்?

ஒரு லிட்டர் பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, 80 கிராம் சீனி கரைத்து, நன்றாக ஆறவிட்டு, அகலமான எவர்சில்வர் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். 40 நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, ஓரத்தில் உறைந்ததை முள்கரண்டியால் நடுவுக்குத் தள்ளி நசுக்குங்கள். நாலு தடவை போதும். பனித்துகள் பெரிதாக வளராமல் தடுப்பதுதான் ஐஸ்கிரீம் மெஷினின் வேலை. முள்கரண்டி அதைச் செய்துவிடும். பாதாம் பிசினை முதல் நாள் இரவே ஊறப்போட மறக்காதீர்கள்.

சரி, ஹேண்ட் பீட்டராவது வாங்கலாமா? ஸ்டாண்ட் மிக்சர் யாருக்குத் தேவை?

மாதம் இரண்டு மூன்று கேக் செய்கிறவர்களுக்கு 300 வாட் அளவிலான ஹேண்ட் பீட்டர் நல்ல துணை. முட்டைக்கும் கிரீமுக்கும் நேரம் பாதியாகும். அதோடு கொக்கி கொடுத்திருந்தாலும் பிரெட், சப்பாத்தி மாவுக்குப் போடாதீர்கள். மோட்டார் சூடேறி வாடை வரும்.

வாராவாரம் ஆர்டர் எடுத்து, கிலோக் கணக்கில் கிரீம் அடிக்கிறவர்கள் ஸ்டாண்ட் மிக்சர் வாங்குவது நியாயம். மணிக்கட்டு தேய்ந்து சம்பாதிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஓவன் வாங்குங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

கை வலிக்காமல் அடிப்பது எப்படி?

சமையல் மேடை பலருக்கு உயரம் அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டு அடித்தால் சீக்கிரம் வலிக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாம்பாளத்தை முன்னால் வைத்துப் பிசைந்தால் உடம்பின் எடை முழுக்கக் கைக்கு வரும். நுரை அடிக்கும்போது தோளை அசைக்காமல் மணிக்கட்டைப் பயன்படுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்றுங்கள், அல்லது ஆள் மாற்றுங்கள். வீட்டில் ஆண்பிள்ளைகளைக் கூப்பிடத் தயங்காதீர்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் ஸ்பாஞ்ச் பக்கம் போகாமல், கரண்டியால் கலந்தாலே போதும் என்கிற எண்ணெய் கேக் செய்யலாம்.

பீட்டரில் அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. என்ன செய்வது?

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் மாலை வரை வராது, எனவே காத்திருக்காதீர்கள். வெண்ணெயும் சீனியும் என்றால் மரக்கரண்டியை எடுத்துத் தொடரலாம். கிரீம் என்றால் மூடி ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைத் திறக்காமல் விடுங்கள். முட்டை நுரை என்றால் உடனே விஸ்க். பத்து நிமிடம் விட்டுவிட்டால் அடியில் தண்ணீர் இறங்கிவிடும்.

மைதாவும் பேக்கிங் பவுடரும் சேர்த்தாகிவிட்டது, ஓவனும் கரண்ட்டில்தான் ஓடுகிறது என்றால் கேஸ் அடுப்புக்கு மாறிவிடுங்கள். அடிகனமான குக்கருக்குள் ஒரு ஸ்டாண்ட் வைத்து, தண்ணீர் ஊற்றாமல், கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். மாவு ஊற்றிய டின்னை உள்ளே வைத்துத் தீயைக் குறைத்தால் 40 நிமிடம் முன்பின்னாக வெந்துவிடும். மேல்பக்கம் சிவக்காது, வெளுப்பாகத்தான் இருக்கும். குச்சி ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம்.